முதலில் தண்ணீர், பிறகுதான் மற்றதெல்லாம்

எங்கள் குடும்பத்தில் நீந்தத் தெரிந்தவர் யாரும் இல்லை. போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனால் முழங்கால் அளவுத் தண்ணீரோடு சரி. அருவிக்குப் போனால் பாறை ஓரமாக உட்கார்ந்து குவளையில் மொண்டு ஊற்றிக்கொள்வோம். நாங்கள் தண்ணீரில் நிற்கும் நேரம் முழுவதும் அம்மா கரையில் பாய் விரித்து உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒன்றிலிருந்து.

அதற்குக் காரணம் உண்டு. 1972-இல் அம்மாவுக்கு ஒன்பது வயது. பூச்சோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தார்கள். தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய ஈயக்குட்டை. பள்ளி விட்டு வந்த மூன்று பையன்கள் அதில் குளிக்க இறங்கினார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வராதவர் அம்மாவின் அண்ணன். வயது 14. மாமாவை நான் பார்த்ததில்லை. சாமி அறையில் மாலை போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் எனக்கு அவரைத் தெரியும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஈயக்குட்டை என்றால் விளக்கம் தேவையில்லை. ஈயம் தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளமாகி நிற்கும். பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் கரை செங்குத்தாக இறங்கும். காலடி மணல் சரியும். இரண்டு எட்டு வைத்தால் ஆழம் தலைக்கு மேல் போய்விடும். இன்று சன்வேயிலும் மைன்ஸிலும் நாம் குடும்பத்தோடு சுற்றி வரும் இடங்கள் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலங்கள்தாம். கடைத்தொகுதி வந்துவிட்டது, அம்மாவின் பயம் மட்டும் போகவில்லை. அது எனக்கும் வந்தது. என் பிள்ளைகளுக்கும் வரத் தொடங்கியிருந்தது.

இந்த நிலையில்தான், 39 வயதில், 750 மீட்டர் ஏரி நீச்சலோடு தொடங்கும் ஒரு போட்டிக்கு நான் பெயர் கொடுத்தேன்.

ஒரு காகிதமும் ஒரு கேள்வியும்

தொடக்கம் விளையாட்டு ஆசை அல்ல, ஓர் இரத்தப் பரிசோதனைக் காகிதம். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எண் 6.1 என்று வந்தது. "இன்னும் இனிப்பு நீர் ஆகலை. ஆனா வாசப்படியில நிக்கிறீங்க," என்றார் டாக்டர். அப்பா இனிப்பு நீரால் கால் விரல்கள் இரண்டை இழந்தவர். அந்த வாசற்படிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நம்மில் பலருக்கும் தெரியும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஒரு கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டால், அவர்களில் மூன்று பேர் பாயசத்தை யோசித்துத்தான் குடிக்க வேண்டும்.

நான் கிள்ளானில் குடியிருக்கிறேன்; வேலை பிரிக்ஃபீல்ட்ஸில், ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. காலையில் கொம்யூட்டர் ரயில், மாலையில் கொம்யூட்டர் ரயில், நடுவில் எட்டு மணி நேரம் நாற்காலி. டாக்டரைப் பார்த்த வாரத்திலிருந்து வேலை முடிந்ததும் லேக் கார்டன்ஸில் நடக்க ஆரம்பித்தேன். நடை மெதுவாக ஓட்டமானது. நான்கு மாதத்தில் நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட முடிந்தது.

அப்போதுதான் அலுவலகத் தம்பி ஒருவர் கேட்டார். "அக்கா, அஞ்சு கிலோமீட்டர் ஓடுறீங்க, சைக்கிளும் ஓட்டுவீங்க. ஸ்பிரிண்ட் டிரையத்லான் செஞ்சா என்ன?"

"மூணாவது என்ன?"

"மூணாவது இல்லக்கா, முதல்ல. நீச்சல்."

நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அன்று ரயிலில் கிள்ளான் வரும் வரை அந்தச் சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று விளையாட்டு, ஒரே கடிகாரம்

டிரையத்லான் என்பது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி. 1974 செப்டம்பர் 25-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில், அந்தப் பெயரோடு முதல் போட்டி நடந்தபோது கலந்துகொண்டவர்கள் 46 பேர். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் லங்காவியில் 'அயர்ன்மேன்' போட்டி தொடங்கியதால் மலேசியர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானது.

அயர்ன்மேன் என்றதும் பலரும் பின்வாங்கிவிடுகிறார்கள். அது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கிலோமீட்டர். அதிலும் பாதிதான் ஸ்பிரிண்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஆறு மாதத்தில் தயாராகக்கூடிய அளவு இதுதான்.

நீச்சல் ஏன் முதலில் என்று கேட்டேன். களைத்துப்போன உடம்போடு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதால்தான் என்றார்கள். நியாயமான பதில். ஆனால் பயத்தோடு வருகிறவருக்கு அந்தப் பயத்தைத் தாண்டாமல் மற்ற இரண்டும் கிடைக்காது.

"நம்மாளுங்களுக்குத் தண்ணி சரிப்படாதும்மா," என்றார் ஒரு பெரியப்பா. சரிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். 1971-இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் இலங்கையிலிருந்து தமிழகக் கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, திரும்பியும் நீந்தியே போனார். அவர் கடலோரத்தில் வளர்ந்தவர். நம் பாட்டன் பாட்டிகளை ரப்பர் மரத்தடியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? சரிப்படாதது தண்ணீர் அல்ல, நமக்கு வாய்க்காதது கற்றுக்கொள்ளும் வழி.

"தியூப்!"

அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒளித்துச் செய்கிற காரியம் இல்லையே இது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டார், "எவ்ளோ ஆழம்?"

"இடுப்பளவு, மா. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காங்க."

கிள்ளானில் ஒரு பொது நீச்சல் குளம். சனி, ஞாயிறு காலை வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்க்கார அம்மையார். எல்லாருக்கும் அவர் 'காக்'. பாடம் முழுவதையும் இரண்டே சொல்லில் நடத்தினார். ஒன்று, 'பெலான் பெலான்', அதாவது மெதுவாக, மெதுவாக. மற்றொன்று, 'தியூப்', அதாவது ஊது.

நீச்சல் என்றால் கையும் காலும் அடிப்பது என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று வாரம் கையும் இல்லை, காலும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை மூக்கு வழியாகக் குமிழி குமிழியாக வெளியே விடுவது மட்டும்தான். பயந்தவர் முதலில் செய்வது மூச்சை அடக்கிக்கொள்வது. அடக்கிய மூச்சு வெளியே போகாமல் புதிய மூச்சு உள்ளே வராது. நான்கைந்து வீச்சிலேயே நெஞ்சு அடைத்துக்கொள்ளும், உடம்பு பதறும். தண்ணீருக்குள் ஊதிவிட்டால், தலையைத் திருப்பியதும் காற்று தானாக உள்ளே வருகிறது. இந்த ஒரு விஷயம் உடம்புக்குப் புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

பிறகு மல்லாந்து மிதப்பது. எது நடந்தாலும் திரும்பிப் படுத்து மிதக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்றார் காக். எட்டாவது வாரம் 25 மீட்டர். பன்னிரண்டாவது வாரம் 100. ஐந்தாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 50 மீட்டர் குளத்தில் நிற்காமல் 15 முறை, அதாவது 750 மீட்டர்.

அன்று அம்மா வந்திருந்தார். தானாகவே வருகிறேன் என்று சொல்லி வந்து, நிழலில் இருந்த பலகையில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏறி வந்ததும், "பதினஞ்சு," என்றார். எனக்கே பத்துக்கு மேல் கணக்கு விட்டுப்போயிருந்தது.

செங்கல் கால்

மிதிவண்டியும் ஓட்டமும் அந்த அளவுக்குப் படுத்தவில்லை. மாமா மகன் ஒருவர் தம் பழைய பந்தய சைக்கிளை இரவல் கொடுத்தார். ஷா ஆலாம் தாவரவியல் பூங்கா மேட்டில் மூச்சு வாங்கப் பழகினேன். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து டியூப் மாற்றவும் கற்றுக்கொண்டேன்.

சிரமம், இரண்டையும் சேர்த்துச் செய்யும்போதுதான். ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு இறங்கி ஓடினால் கால் நம்முடையதாகவே இருக்காது. மரத்துப்போய், கனத்து, தனியாக வேறு யாருடைய காலையோ இழுத்துக்கொண்டு போவது போல் இருக்கும். இதற்காகவே வாரம் ஒருமுறை மிதிவண்டியும் ஓட்டமும் சேர்ந்த பயிற்சி உண்டு. அதற்குப் பெயர் 'பிரிக்', அதாவது செங்கல். காலைச் செங்கல்லாக்குகிற பயிற்சி என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

செங்கல் எங்கள் வட்டாரத்துப் பொருள்தான். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்த பிறகு, செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டும்படி பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட இடம் என்பதால்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே வந்தது. மாலையில் துன் சம்பந்தன் சாலைப் பூக்கடைகளையும் வடைக் கடைகளையும் தாண்டி, ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவில் பக்கம் வரை அந்தக் காலோடு ஓடியிருக்கிறேன். வடை வாசனைதான் உண்மையான சோதனை.

ஏரி

போட்டி புத்ராஜெயா ஏரியில். சுங்கை சுவாவ், சுங்கை பீசா ஆகிய இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்கில் நீரைத் தேக்கி உருவாக்கிய ஏரி அது. பரப்பு ஏறக்குறைய 650 ஹெக்டேர். 2017 சீ விளையாட்டுப் போட்டியின் டிரையத்லான் இந்த ஏரிக்கரையில், ஆறாவது வட்டாரத்து நீர் விளையாட்டு மையத்தில்தான் நடந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் பிலிப்பைன்ஸின் கிம் மங்ரோபாங்.

விடியற்காலை நான்கரைக்கே குடும்பம் முழுவதும் கிளம்பிவிட்டது. காரில் இட்லி வாசனை. கரையில் கையில் எண் எழுதினார்கள். கணுக்காலில் நேரம் பதியும் பட்டை கட்டினார்கள். மாற்றுக்களம் என்கிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பிச் சட்டத்தில் இடம்: சைக்கிள், தலைக்கவசம், காலணி, எண் பட்டை, தண்ணீர். நீந்தி வந்து உடை மாற்ற அறையெல்லாம் கிடையாது. ஈர உடம்போடு அப்படியே சைக்கிள். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். கோடு தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும். இந்த இரண்டு விதியிலும் சலுகை இல்லை.

பெண்கள் பிரிவுக்கு மஞ்சள் தொப்பி. இறங்கியதும் தெரிந்த முதல் வித்தியாசம், அடி தெரியவில்லை. குளத்தில் கீழே நீலக் கோடு ஓடும். இங்கே கண்ணுக்கு எதிரே பச்சை கலந்த இருட்டு. என் கையே முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை. ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும்.

இருநூறு மீட்டர் போயிருப்பேன். முன்னால் போனவரின் பாதம் என் முகத்தில் பட்டது. நீச்சல் கண்ணாடி விலகி ஒரு கண்ணில் தண்ணீர் புகுந்தது. சுற்றிலும் கைகள், கால்கள், நுரை. நெஞ்சுக்குள் அந்தப் பழைய அடைப்பு. அந்த நொடியில் சாமி அறைப் படம் மனதில் வந்து போனதை மறைக்க விரும்பவில்லை.

திரும்பி மல்லாந்தேன். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஊதினேன். மறுபடி ஊதினேன். பக்கத்தில் வந்த கயாக் படகுக்காரப் பையன், "ஓகே, காக்?" என்று கேட்டான். படகைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தேன். இதற்கு விதியில் இடம் உண்டு. படகையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறலாம். அதை வைத்து முன்னேறத்தான் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரை நிமிடம். பிறகு விட்டுவிட்டேன். மிச்சம் ஐந்நூற்றைம்பது மீட்டரும் 'பெலான் பெலான்' என்று எண்ணிக்கொண்டே வந்தது.

26 நிமிடத்தில் கரை ஏறினேன். கால் மண்ணில் பட்டதும் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. முகம் எப்படியும் ஈரம்தான். மிதிவண்டி 52 நிமிடம். ஒன்பது மணி வெயிலில் ஓட்டம் 38 நிமிடம். மூன்றாவது கிலோமீட்டர் வரை செங்கல் கால், அதன் பிறகு என் கால். மாற்றுக்களத்தில் போன ஏழு நிமிடமும் சேர்த்து 2 மணி 3 நிமிடம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

கோட்டைத் தாண்டியதும் கணவரும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். அம்மா மெதுவாக வந்தார். பதக்கத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"எல்லாம் மஞ்சத் தொப்பி. எதுல நீ இருக்கேன்னு தெரியல," என்றார். "அதனால எல்லாத்தையும் எண்ணிட்டேன். நாப்பத்தொண்ணு இறங்குச்சு. நாப்பத்தொண்ணும் ஏறிடுச்சு."

தொடங்க நினைப்பவர்களுக்கு

போட்டிக்குப் பிறகு பலர் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவரோ, இனிப்பு நீரோ இரத்த அழுத்தமோ உள்ளவரோ என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மருந்து எடுப்பவர்களுக்கு உடற்பயிற்சியின்போது சர்க்கரை இறங்கலாம். அதற்குத் தயாராக வேண்டும். என்னுடைய எண் இப்போது 5.6. எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லமாட்டேன். சோற்றின் அளவையும் குறைத்தேன், தே தாரிக்கில் சீனியையும் நிறுத்தினேன்.

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பிரேக்கும் கியரும் ஒழுங்காக வேலை செய்கிற எந்தச் சைக்கிளும் 20 கிலோமீட்டருக்குப் போதும். இரவல் வாங்கலாம். தலைக்கவசம் மட்டும் புதிதாக, உங்கள் தலைக்குப் பொருந்தியதாக இருக்கட்டும். செலவு செய்ய வேண்டியது நீச்சல் வகுப்புக்கு. வாரத்தில் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் ஓட்டம், ஒரு நாள் மிதிவண்டி, முடிந்தால் அன்றே ஒரு சிறு ஓட்டம். மற்ற நாள் தூக்கம். திறந்த நீரில் ஒருபோதும் தனியாகப் பயிற்சி செய்யாதீர்கள். ஈயக்குட்டை, ஆறு, தோட்டத்துக் கால்வாய் எதுவும் பயிற்சிக் குளம் அல்ல.

போட்டியே வேண்டாம் என்பவர்கள்கூட நீச்சலை விட வேண்டாம். 2021-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிள்ளைகளும் இளையவர்களும். டியூஷனுக்கும் பரதத்துக்கும் கீபோர்டுக்கும் பணம் கட்டுகிற நாம், மூழ்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதைக் கடைசியில் வைக்கிறோம். தண்ணீரிடம் பிள்ளைகளை விடாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் அவர்கள் வளர்ந்து, நண்பர்களோடு நாம் இல்லாத இடத்துக்குப் போகும் நாள் வரும். அன்றைக்கு உதவப்போவது நம் கண்காணிப்பு அல்ல, அவர்கள் கற்றுவைத்திருக்கும் மூச்சு.

என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. அதே குளம், அதே காக், சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்பு. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார். முதல் மாதக் கட்டணத்தையும் அவரே கட்டினார்.